தர்வின் மடித்த இலை

யுவனேஸ்வரன் ராவாங்கில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஐந்து எஸ் குழுவின் தலைவன். ஐந்து எஸ் என்றால் என்ன என்று அவனிடம் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவான். முதலில் மலாய் மொழியில் சொல்லுவான்: சிசிஹ், சுசுன், சாப்பு, செராகாம், செந்தியாசா அமால். பிறகு கேட்டவர்மேல் இரக்கப்பட்டுத் தமிழிலும் சொல்லுவான்: வேண்டாததை ஒதுக்கு, வேண்டியதை அடுக்கு, பெருக்கு, எங்கும் ஒரே மாதிரி வை, விடாமல் செய். இவ்வளவுதான் சங்கதி. கல்யாணமாகி இந்த ஆறு வருஷத்தில் அவன் மனைவி சந்திரிகா இதை நானூறு தடவையாவது கேட்டிருப்பாள். அந்த நானூறு தடவையும் அவன் சாப்பிட்ட தட்டு மேசைமேலேயே கிடந்தது.

போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஞானம் பிறந்தது. தொழிற்சாலையில் முந்நூறு பேரை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவனுக்கு, சொந்த வீட்டில் இரண்டே கால் வயசுப் பயல் ஒருவன் ஒழுங்கில்லாமல் திரிவது மானக்கேடாகப் பட்டது. அன்று மாலை வேலை முடிந்து வரும்போது கையில் இரண்டு உருளை மஞ்சள் நாடா.

"எதுக்குங்க இது?"

"தர்வினுக்கு. இனிமே அவனே எடுப்பான், அவனே வைப்பான். சொந்தக் கால்ல நிக்கணும் லா, இப்பவே."

"இப்பத்தான் நிக்கவே கத்துக்கிட்டான்."

"அதான் சொல்றேன். லேட்டாயிருச்சு."

பெஸ்தாரி ஜெயாவில் அவர்களுடையது வரிசையின் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடு. முன்னறையில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அந்த அறையின் தரையில் அன்று ஏழு மஞ்சள் கட்டங்கள் முளைத்தன. விளையாட்டு லோரிக்கு ஒன்று, பொம்மை மாட்டுக்கு ஒன்று, கட்டைகளுக்கு ஒன்று, புத்தகங்களுக்கு ஒன்று. பந்துக்கு வட்டம் போடப் பார்த்தான். எட்டு மூலையோடு என்னமோ ஒன்று வந்தது. ஆறாவது கட்டம் உடைந்த சாமான்களுக்கு. ஏழாவது தர்வினுக்கே. வேலை முடிந்ததும் பயல் அதற்குள் வந்து நிமிர்ந்து நிற்க வேண்டும். குளிர்பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை தொங்கியது. தினமும் பொருள்வாரியாகக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத வயசு என்பதால் கட்டைவிரல் ரேகை. அதற்காக ஊதா மைப்பெட்டி ஒன்றும் வாங்கி வந்திருந்தான்.

தர்வின் மஞ்சள் நாடாவை ஜாலான் என்று, அதாவது சாலை என்று எடுத்துக்கொண்டான். லோரி அதன்மேலேயே ஓடியது. மாடும் அதன்மேலேயே ஓடியது. மைப்பெட்டி அறிமுகமான அன்று குளிர்பெட்டி, சுவர், சந்திரிகாவின் கைப்பை மூன்றும் கையெழுத்தாயின.

மாலையில் யுவன் வீட்டுக்கு வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் சந்திரிகா குனிந்து லோரியை லோரிக் கட்டத்திலும் மாட்டை மாட்டுக் கட்டத்திலும் வைப்பாள். பயலின் கட்டைவிரலைப் பிடித்து அட்டவணையில் ஐந்து தடவை அமுக்குவாள். உண்மையைச் சொல்லி அவனோடு மல்லுக்கட்டுவதைவிட ஐந்து பொருளைப் பொறுக்கி வைப்பது சீக்கிரம் முடிகிற வேலை. யுவன் வருவான், இடுப்பில் கைவைத்துக் கட்டங்களைப் பார்வையிடுவான், தலையாட்டுவான். ஒரு நாள் இதையெல்லாம் படம் பிடித்துக் கொண்டுபோய்த் தொழிற்சாலைக் கூட்டத்தில் காட்டினான்.

"மேனேஜர் கைதட்டினாரு மா. நம்ம மகன் பேர மீட்டிங்ல சொன்னாங்க."

"அப்படியா," என்றாள் சந்திரிகா. "சாப்பிட்ட தட்ட எடுத்துரவா?"

"எடுத்துரு, எடுத்துரு."

இதற்கிடையில் தர்வின் ஒரே ஒரு வேலையை உண்மையாகவே கற்றுக்கொண்டான். அது யுவனுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் மத்தியானம் சைவம், இலைச் சாப்பாடு. பின்பக்கம் இரண்டு வாழை நிற்கிறது. யுவன் வேலையில் இருப்பான். தாயும் மகனும் மட்டும்தான். சந்திரிகா தன் இலைக்குப் பக்கத்தில் அவனுக்கும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு ஒன்று போடுவாள். முடித்ததும், "மேல பிடி. உன் பக்கம் இழு. அமுக்கு. தூக்கு. தோங்ல போடு," என்பாள். தோங் என்பது குப்பைத் தொட்டி. சொல்லிக்கொண்டே தன் இலையையும் அப்படியே செய்வாள். முதல் வெள்ளி இலை கிழிந்தது. நான்காவது வெள்ளி சோறு மடியில். ஏழாவது வெள்ளி தோங் வரைக்கும் போய், தோங்கின் மூடிமேல் வைத்துவிட்டு வந்தான். பதினோராவது வெள்ளி அவள் வாயே திறக்கவில்லை. அவனாகப் பிடித்தான், தன் பக்கம் இழுத்தான், அமுக்கினான், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் உள்ளே போட்டான். திரும்பி வந்து, மடிக்க வேறு இலை இருக்கிறதா என்று மேசைக்கடியில் தேடினான்.

சந்திரிகாவுக்குக் கண் கலங்கியது. யுவனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் லேமினேட் செய்து சுவரில் ஒட்டுவான்.

ஆகஸ்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. ராவாங்கில் ஒரு காப்புறுதி அலுவலகம், இன்சூரன்ஸ் கோப்புப் பிரிவு. தர்வின் பிறந்ததிலிருந்து விட்டிருந்த வேலை. அவர்கள் ஒரு மாதம் பொறுத்தார்கள். வருகிற திங்கட்கிழமை வரவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். பையனைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பக்கத்து வீட்டு மாலா கணவனுக்கு மாற்றலாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது டீச்சர் இந்திரகுமாரியின் தாஸ்கா. சின்னப் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்ளும் இடம் அந்த வட்டாரத்தில் வேறும் உண்டு. ஆனால் மூன்று வயசு முடியாத பிள்ளைக்கு இடம் இருந்தது இவரிடம் மட்டும்தான், அதுவும் ஒரே இடம்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுகிறவர். மகள் முப்பது வருஷம் அரசாங்கப் பள்ளியில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் தாஸ்கா திறந்தார். தன் செருப்பைத் தானே அடுக்காத பிள்ளையை அவர் எடுப்பதில்லை என்று ஊரில் பேச்சு. அவருடைய விண்ணப்பத்தில் இருபத்துநான்கு கேள்விகள். தானே சாப்பிடுவானா, விளையாட்டுச் சாமானைத் தானே எடுத்து வைப்பானா, இப்படி.

அந்தத் தாளை யுவன் தானே நிரப்பினான். "டாக்குமெண்ட் வேலை எனக்கு விடு மா," என்று சொல்லி அவள் கண்ணில்கூடக் காட்டாமல் கொண்டுபோய்க் கொடுத்தான்.

டீச்சர் போனில் சொன்னார்: "பிள்ளையை நான் பார்க்க வேணும். சனிக்கிழமை நித்தியாவின் கலியாணத்துக்கு வாறீங்கள்தானே? அங்கேயே பார்த்துக்கொள்றன்."

நித்தியா அவருடைய தாஸ்காவில் நான்கு வருஷம் உதவியாளர். யுவனின் பெரியப்பா தங்கராஜுவின் பேத்தி.

*

ஈஜோக் பக்கம் கோயில் மண்டபம். தாலி கட்டி முடிந்து, மேடையில் படம் பிடிப்பவன் மாப்பிள்ளையின் தாடையை நிமிர்த்திக்கொண்டிருந்தான். கீழே நீள மேசைகளில் முதல் பந்தி. மேசைகள் அகலம் குறைச்சல். எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் அப்பளம் கடிப்பது மற்றவர் காதில் கேட்கும்.

சந்திரிகா டீச்சரை வாசலிலேயே பார்த்துவிட்டாள். பாக்கு நிறப் பட்டு, தோளில் கறுப்புக் கைப்பை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை. டீச்சர் எதிர்வரிசையில், மூன்று இடம் தள்ளி உட்கார்ந்தார். அங்கிருந்து தர்வினைப் பார்க்க ஆரம்பித்தார். பேசவில்லை, சிரிக்கவில்லை. சும்மா பார்த்தார்.

"பாத்துக்கிட்டே இருக்காங்க," என்று யுவன் அவள் காதில் கிசுகிசுத்தான். "இது ஆடிட். சர்ப்ரைஸ் ஆடிட்."

"நீங்க சும்மா இருந்தா போதும்."

தர்வின் நன்றாகத்தான் சாப்பிட்டான். பாதி வாயில் போனது, கால்வாசி சட்டையில், மீதி பெரியப்பா தங்கராஜுவின் வேட்டியில். அவருக்கு வயசு எழுபத்தொன்று. தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மண்டோராக இருந்தவர். வேட்டிக்காகக் கவலைப்படுகிற ஆளில்லை. சாப்பிட்டு முடித்தவன், யாரும் சொல்லாமலே, இலையின் மேல்பக்கத்தைப் பிடித்தான். தன் பக்கம் இழுத்தான். அமுக்கினான். நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மேசை முனையில் இருந்த குப்பைத் தொட்டிக்குப் போய்ப் போட்டான்.

வரிசையில் இருந்த ஆண்கள் கைதட்டினார்கள். "அடேயப்பா! யாருடா சொல்லிக் கொடுத்தது?" என்றார் தங்கராஜு.

சந்திரிகா வாயைத் திறந்தாள். அதற்குள் யுவன் எழுந்து நின்றுவிட்டான்.

"பெரியப்பா, இது ஃபைவ் எஸ். முதல்ல சிசிஹ். வேண்டாதத ஒதுக்கறது. அப்புறம் சுசுன்…"

அவன் சாப்பு வரைக்கும் வந்தபோது டீச்சரும் கேட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தான். குரலை ஒரு படி ஏற்றினான். மகனுடைய வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பம் முதல் விளக்கினான். அட்டவணை, ரேகை, வாராந்திர மதிப்பீடு. இலை மடிப்பைத் தன் வாழ்நாளில் முதன்முறையாக அரை நிமிஷத்துக்கு முன்தான் பார்த்திருந்தான். அதுவும் இப்போது திட்டத்தின் நான்காவது கட்டமாக இடம் பிடித்துவிட்டது.

"இன்னொண்ணு செய்வான் பாருங்க," என்றான். "தர்வின்! அப்பாவுக்கு இன்னொண்ணு!"

"வேணாங்க," என்றாள் சந்திரிகா.

"சும்மாரு மா. தர்வின், ஒன் மோர்!"

கைதட்டலில் மயங்காத பிள்ளை உண்டா? தர்வின் தன் வரிசையோரமாக ஓடினான். யாரோ கை கழுவப் போயிருந்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அதில் ஏறினான். எதிரில் ஒரு இலை விரிந்து கிடந்தது. அதில் ரசம் சோறு, புடலங்காய்க் கூட்டு, முழு அப்பளம். அதற்கு அந்தப் பக்கம் பாக்கு நிறப் பட்டு.

சந்திரிகா பார்த்துக்கொண்டே இருந்தாள். எழ முடியவில்லை, தங்கராஜுவின் நாற்காலி அவள் சேலைத் தலைப்பின்மேல் நின்றது.

தர்வின் தான் கற்றபடி எந்தப் பிழையும் இல்லாமல் செய்தான். தனக்கு அந்தப் பக்கம் இருந்த விளிம்பைப் பிடித்தான். தன் பக்கம் இழுத்தான். அமுக்கினான். டீச்சரின் கை உள்ளே இருந்தது.

ரசம் மேசைவழியாக ஓடி அவன் சட்டையில் இறங்கியது. அவன் அசரவில்லை. அடுத்த கட்டம் தூக்குவது. தூக்கினான். டீச்சரும் விடவில்லை, கை உள்ளே மாட்டியிருந்ததால். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒரு இலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு இலை நடு நரம்போடு கிழிந்தது. தர்வின் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டான்.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

"ஐயோ!" என்று ஒரு குரல். கலும்பாங்கிலிருந்து வந்திருந்த வேலம்மா. எந்தக் கல்யாணத்திலும் முதல் அபசகுனத்தைக் கண்டுபிடிப்பவர் அவர்தான். அதற்காகவே முன்பந்தியில் இடம் பிடிப்பார். "எதிர்ப்பக்கம் மடிச்சிட்டானே! சாவு வீட்டு மடிப்புல்ல அது! தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகல!"

கல்யாண வீட்டில் சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடிப்பார், உறவு தொடரட்டும் என்று. எழவு வீட்டில் எதிர்ப்பக்கமாக, இப்படி ஒன்று மறுபடி வேண்டாம் என்று. டீச்சரின் இலை டீச்சருக்கு எதிர்ப்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. அதில் சந்தேகமில்லை.

"எப்படிக்கா எதிர்ப்பக்கம்?" என்றார் தங்கராஜு. "பையன் அவன் பக்கம்தானே இழுத்தான்."

"இலை யாரு இலை? அவங்க இலை."

"மடிச்சது யாரு? மடிச்சவன் பக்கம்தான் பாக்கணும்."

"சாப்பிட்டவங்க பக்கம் லா!"

"அவங்க இன்னும் சாப்பிட்டே முடிக்கலையே. அப்ப அது மடிப்பே இல்ல."

இந்த வாதத்தில் இருபது நிமிஷம் போனது. அதற்குள் பாயசம் வந்தது. முதல் பந்தியில் நாற்பது பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தீர்ப்பு வரும் வரைக்கும் ஒருத்தரும் தன் இலையைத் தொடவில்லை. எந்தப் பக்கம் மடித்தாலும் யாராவது ஒரு சித்தி கேட்பாள். இரண்டாம் பந்திக்காரர்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு விட்டார்கள். படித்தவர்கள், பொறியாளர்கள், ஒரு மருந்தாளர், இரண்டு வங்கி அதிகாரிகள், எல்லாரும் எச்சில் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு வேலம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் மணமக்களுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர்கள் கையால் இதயம் செய்துகொண்டிருந்தார்கள்.

சந்திரிகா யுவனைத் தேடினாள். அவன் ஆண்கள் நடுவில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தான்.

"இந்த இலை மடிக்கிறதெல்லாம் என் சிஸ்டத்துலயே கிடையாது, மச்சான். வீட்டுல அவ சொல்லிக் குடுத்திருக்கணும். எனக்குத் தெரியாமலே."

அந்த ஒரு நாளில் அவன் பேசிய ஒரே உண்மை.

*

டீச்சர் கை கழுவும் குழாயடிக்குப் போயிருந்தார். சந்திரிகா தர்வினை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். ரசம் அவள் சேலைக்கும் இறங்கியது. திங்கட்கிழமை போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். போனதைக் குழாயடியிலாவது மரியாதையாக வழியனுப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

"டீச்சர், மன்னிச்சிருங்க. இலை மடிக்க நான்தான் சொல்லிக் குடுத்தேன். உன் பக்கம் இழுன்னுதான் சொன்னேன். எதுத்தாப்புல ஆள் இருந்தா என்ன செய்யணும்னு சொல்லல."

டீச்சர் விரல் விரலாகக் கழுவினார். "எவ்வளவு நாள் எடுத்தது?"

"பதினோரு வாரம்."

"ம்." குழாயை மூடினார். கைக்குட்டையால் துடைத்தார். கைப்பையைத் திறந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "இது நீர் எழுதினதோ?"

சந்திரிகா பையனைக் கீழே விட்டுவிட்டுத் தாளை வாங்கினாள். இருபத்துநான்கு கேள்விகள். முதல் இருபதுக்கும் எதிரே மூன்று பெட்டிகள்: எப்போதும், சில வேளை, இன்னும் இல்லை. இருபது கோடும் முதல் பெட்டியில். கடைசி நான்குக்கு எழுத்தில் பதில். யுவனின் கோடுகள், அளவுகோல் வைத்துப் போட்டவை.

"பதினேழாவதை வாசியும்."

"'கோபம் வந்தால் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்வான்.'" சந்திரிகா நிமிர்ந்தாள். "எங்க வீட்டுல பெரியவங்களே அத செய்ய மாட்டாங்க, டீச்சர்."

"அடியில கருத்து என்று ஒன்று எழுதியிருக்கு."

"'பிள்ளை எந்த நேரமும் ஆடிட்டுக்குத் தயார்.'"

இரண்டு பேரும் தர்வினைப் பார்த்தார்கள். அவன் குழாய்க்கடியில் தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்திருந்தான்.

"முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில், ஆறு வருஷம் தாஸ்காவில்," என்றார் டீச்சர். "இப்படி ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை. எல்லாம் செய்யிற பிள்ளைக்கு நான் என்னத்துக்கு? வீட்டிலேயே இருந்து உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதத்தான் இருந்தன்." பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கு. நீர் எழுதும்."

சந்திரிகா குழாயடிச் சுவரில் தாளை வைத்து எழுதினாள். தானே சாப்பிடுவான்: பாதி. செருப்பைத் தானே போடுவான்: இடம் வலம் மாற்றி. ஒண்ணுக்கு வந்தால் சொல்லுவான்: வந்தபிறகு. விளையாட்டுச் சாமானை எடுத்து வைப்பான். இங்கே பேனா நின்றது. தினமும் மாலையில் ஐந்து பொருள், ஐந்து ரேகை. அளவுகோல் இல்லாமல் அவளும் இதே கோட்டைத்தான் ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். "இல்லை. நான் வைக்கிறேன்," என்று எழுதினாள். எழுதிக்கொண்டே போனாள். முடித்தபோது 'எப்போதும்' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, இலைக்கு.

டீச்சர் கண்ணாடியை ஏற்றி முழுவதையும் வாசித்தார்.

"திங்கள் ஏழு மணிக்குக் கொண்டுவாரும்."

சந்திரிகா பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு விஷயம். முதல் கிழமை தாய் தகப்பனில் ஒராள் உள்ளே இருக்க வேணும். பிள்ளை செய்யிறதெல்லாம் அவரும் செய்ய வேணும். கீழே இருந்து சாப்பிட வேணும், கோப்பை கழுவ வேணும், பாய் சுருட்ட வேணும்."

"டீச்சர், திங்கக்கிழமைதான் எனக்கு வேல ஆரம்பம்."

"நீர் வரவேண்டாம். நீர் வந்தால் எல்லாத்தையும் நீரே பொறுக்கி வைத்துப்போடுவீர். அந்தக் கோடு போட்ட மாஸ்டரை அனுப்பும்."

*

மண்டபத்தில் வழக்கு முடிந்திருந்தது. மடித்தவன் பக்கம்தான் கணக்கு என்று தங்கராஜு தீர்ப்புச் சொல்லியிருந்தார். வேலம்மா மேல்முறையீடாக ஒரு கட்டி சூடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் இலையை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். யுவன் ஐந்து ஆண்களுக்கு நடுவில் மறுபடியும் சுசுனுக்கு வந்திருந்தான்.

"இடம் கிடைச்சிருச்சு," என்றாள் சந்திரிகா.

அவன் முகம் மலர்ந்தது. "சொன்னேன்ல? டாக்குமெண்ட் ஸ்ட்ராங்கா இருந்தா…"

"திங்கள்லேருந்து ஒரு வாரம் நீங்க லீவு. தாஸ்காவுல தர்வின்கூட உக்காரணும். டீச்சர் சொல்லிட்டாங்க, நீங்கதான் வேணும்னு."

"நானா? மா, அடுத்த வாரம் ஆடிட். ஐஎஸ்ஓ ஆளுங்க வர்றாங்க. நான் இல்லாம பிளாண்ட் ஓடாது."

"ஓடும்."

"விளையாடாத. நீ ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்க. உனக்கு என்ன, ஃபைல் அடுக்கற வேலதானே."

ஆண்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். டீச்சர் திருப்பிக் கொடுத்திருந்த தாளைச் சந்திரிகா பிரித்தாள். யுவன் எழுதிய பக்கத்தைத் திருப்பினாள். கோயிலில் தேவாரம் படிக்கிற குரலில் படிக்க ஆரம்பித்தாள்.

"'கேள்வி இருபத்தொண்ணு. வீட்டில் பிள்ளைக்கு வழிகாட்ட தந்தை தினமும் செய்யும் வேலைகள் யாவை?' பதில்: 'மேற்பார்வை.'"

ஒருவன் இருமினான். இன்னொருவன் இருமவில்லை, நேராகச் சிரித்துவிட்டான்.

"குடு மா அத."

"'கேள்வி இருபத்திரண்டு. தாய் செய்யும் வேலைகள் யாவை?' பதில்: 'மேற்படியாரின் உத்தரவுப்படி.'"

"மேற்பார்வையா?" என்றார் தங்கராஜு. "டேய், நான் மண்டோரா இருந்தப்பவே ரப்பர்பால் வாளி தூக்கியிருக்கேன்டா. வெள்ளக்காரன் முன்னால. நீ என்னா, ஒரு லோரி, ஒரு மாடு, அதுக்கு மேற்பார்வையா?"

"பெரியப்பா, அது டெக்னிக்கலா…"

"'கேள்வி இருபத்துமூணு,'" என்றாள் சந்திரிகா.

யுவன் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான். காதெல்லாம் சிவந்திருந்தது. மாவிலைத் தோரணத்துக்கடியில் நின்று போனை எடுத்தான். தொழிற்சாலையின் விடுப்பு விண்ணப்பம் போனில்தான். திங்கள் முதல் வெள்ளி வரை தேதி போட்டான். பிறகு விரல் நின்றது.

"காரணம் கேக்குது மா. என்ன போட?"

"உள்ளத போடுங்க."

அவன் யோசித்தான். முந்நூறு பேர் பார்க்கிற தகவல் பலகை அவன் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். கடைசியில் 'பயிற்சி' என்று அடித்து அனுப்பினான். அவன் மேலாளர் ஒரு நிமிஷத்துக்குள் கட்டைவிரல் காட்டிவிட்டார். அவன் இல்லாமல் ஓடாத பிளாண்ட்.

திங்கட்கிழமை காலை ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சந்திரிகா இருவரையும் தாஸ்கா வாசலில் இறக்கிவிட்டாள். தர்வின் இடம் வலம் மாறிய செருப்போடு உள்ளே ஓடினான். யுவன் வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டிருந்தான். பையில் பேனாகூட இருந்தது. டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முழங்கால் உயர நாற்காலி ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினார். சந்திரிகா அதற்குமேல் நின்று பார்க்கவில்லை. காரை ராவாங் சாலைக்குத் திருப்பினாள்.

பத்தரைக்கு, புதிய மேசையில், போன் அதிர்ந்தது. யுவன்.

'மா, பால் குடிச்ச கோப்பைய நான் கழுவணுமா, அவன் கழுவணுமா? டீச்சர் பாத்துக்கிட்டே நிக்கிறாங்க.'

அவள் 'நீங்க' என்று அடித்தாள். கொஞ்சம் யோசித்து, 'அவனோடதையும்' என்று சேர்த்தாள். அனுப்பிவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டாள். முதல் கோப்பைத் திறந்தாள். செகிஞ்சானில் லோரி ஒன்று வேன்மேல் ஏறிய வழக்கு. இரண்டு பக்கமும் தங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.